அந்த 180 பாகை எங்கே பிசகுகிறது? ஒலியலை வடிகட்டியில் விரல்களின் கணக்கு

செல்போன் ரேடியோ பகுதிக்கான வடிகட்டி ஒன்றின் டேட்டா ஷீட்டைத் திறந்தால், இழப்பு, அலைப்பட்டை, தடுப்பு அளவு என்ற வழக்கமான வரிகளுக்குக் கீழே இரண்டு வரிகள் ஒதுங்கி நிற்கும். வீச்சுச் சமநிலை ±1 டெசிபல். கட்டச் சமநிலை 180 ± 10 பாகை. வடிகட்டியின் இரண்டு வெளியீட்டு முனைகளும் ஆட்டத்தின் அளவில் (வீச்சு) எவ்வளவு ஒத்திருக்கின்றன, ஆட்டத்தின் நேரத்தில் (கட்டம்) எவ்வளவு எதிரெதிராக இருக்கின்றன என்பதை இவை சொல்கின்றன. முழு எதிர் என்றால் 180 பாகை. பலர் இந்த இரண்டையும் பார்க்காமலே கடந்துபோவார்கள். பார்ப்பவர்களுக்கோ ஒரு சந்தேகம் வரும்: சின்னஞ்சிறு படிகத்தின் மேல் கணினி வரைந்து கொடுத்த, அச்சு அசலாக இடமும் வலமும் ஒத்த அமைப்பில் சமநிலை ஏன் கெட வேண்டும்?

அந்த அமைப்பு இடமும் வலமும் ஒத்ததே இல்லை என்பதுதான் பதில். ஒத்ததாக ஆக்கவும் முடியாது. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

படிகத்தின் மேல் ஓடும் அலை

திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் அலை ஒன்று உண்டு என்று 1885இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் லார்ட் ரேலி. அதை மின்சாரத்தால் எழுப்பவும் திரும்ப மின்சாரமாக வாங்கவும் எளிய வழியை 1965இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒயிட்டும் வோல்ட்மரும் காட்டினார்கள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் நெளியும் படிகத்தின் மேல், இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்தது போல மெல்லிய உலோகக் கோடுகளைப் பதிப்பதுதான் அந்த வழி. இந்தக் கோவைக்கு ஐடிடி (IDT, interdigital transducer) என்று பெயர். சீப்பின் பற்களை ‘விரல்’ என்பார்கள். பற்களைச் சேர்த்துப் பிடிக்கும் முதுகுத் தண்டு ‘பஸ்பார்’.

இந்த வடிகட்டியின் முழுப் பெயர் மேற்பரப்பு ஒலியலை வடிகட்டி. தொழிலில் ‘சா ஃபில்டர்’ என்று சுருக்குவார்கள். தமிழ்க் காதுக்கு அது அபசகுனமாகப் படும் என்பதால் இங்கே வடிகட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு விரல் சிக்னலோடும் அடுத்த விரல் கிரவுண்டோடும் சேர்ந்திருக்கும். இடையிலுள்ள இடைவெளியில் மின்புலம் உண்டாகி, படிகம் அங்கே நெளிகிறது. அடுத்தடுத்த சிக்னல் விரல்களுக்கு இடையிலான தூரம் எந்த அலைநீளத்துக்குச் சமமோ, அந்த அதிர்வெண்ணில் எல்லா நெளிவுகளும் ஒன்றுகூடிப் பெரிய அலையாகும். மற்ற அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வடிகட்டல் என்பது இவ்வளவுதான்.

அளவு என்ன என்று ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம், பின்னால் இது உதவும். லித்தியம் டான்டலேட் படிகத்தில் அலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர். ஜிஎஸ்எம் 900 என்ற செல்போன் பட்டையில் போன் வாங்கும் அலைகள் 925 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை, நடுவே 942.5. அங்கே அலைநீளம் 4.2 மைக்ரோமீட்டர் சுற்றி வரும். ஒரு விரலின் அகலம் அதில் கால் பங்கு, அதாவது ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டி. 180 பாகை என்பது 2.1 மைக்ரோமீட்டர். டேட்டா ஷீட் மன்னிக்கும் அந்த 10 பாகை, படிகத்தின் மேல் வெறும் 0.12 மைக்ரோமீட்டர்!

ஒரு முனையில் வாங்கி இரண்டு முனையில் கொடுப்பது

ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஒரு கம்பி, ஒரு கிரவுண்ட். இதை ஒற்றை முனை என்போம். ஆனால் ரேடியோ சிப்புக்குள் இருக்கும் முதல் பெருக்கி பல வடிவமைப்புகளில் இரண்டு கம்பிகளை எதிர்பார்க்கிறது: ஒன்றில் சிக்னல் மேலேறும்போது மற்றதில் அதே அளவு கீழிறங்க வேண்டும். காரணம் எளிது. சிப்புக்குள்ளேயே டிஜிட்டல் சுற்றுகள் எழுப்பும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே திசையில், ஒரே அளவில் ஏறும். பெருக்கி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், இரைச்சல் கழிந்துபோகும்.

ஒற்றை முனையை இரட்டை முனையாக்க ‘பலூன்’ என்ற தனி மின்மாற்றி உறுப்பு போடலாம். ஆனால் அது இடம் பிடிக்கும், சிக்னலில் கொஞ்சம் தின்னும். வடிகட்டியே அந்த வேலையையும் சேர்த்துச் செய்தால் லாபம். ஆன்டெனா பக்கம் 50 ஓம், சிப் பக்கம் 100, 150 அல்லது 200 ஓம் என்று மின்மறுப்பையும் (மாறுமின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) அதுவே மாற்றிக் கொடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வில்லங்கம் அந்த இரண்டு முனைகளும் உண்மையிலேயே சமமாக வருகின்றனவா என்பதில்தான்.

பிசகினால் எவ்வளவு நட்டம்?

இரண்டு முனைகளின் வீச்சுகளுக்கு இடையிலான வித்தியாசம் வீச்சுச் சமநிலை. சரியாக இருந்தால் 0 டெசிபல். கட்ட வித்தியாசம் 180இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது கட்டச் சமநிலை. சரியாக இருந்தால் 0 பாகை. சிலர் 180 என்றே எழுதுவார்கள், விஷயம் ஒன்றுதான்.

இரண்டு முனைகளில் வருவதை இரண்டாகப் பிரிக்கலாம். எதிரெதிராக ஆடும் பகுதியை வேறுபாட்டுக்கூறு என்றும், ஒரே திசையில் ஆடும் பகுதியைப் பொதுக்கூறு என்றும் வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது முதலாவது. பிழைகள் இரண்டாவதை வளர்க்கின்றன. கணக்கு இப்படி வரும்:

1. வீச்சு மட்டும் 1 டெசிபல் பிசகினால், பொதுக்கூறு வேறுபாட்டுக்கூறை விட 24.8 டெசிபல் கீழே.
2. கட்டம் மட்டும் 10 பாகை பிசகினால், 21.2 டெசிபல் கீழே.
3. இரண்டும் சேர்ந்து பிசகினால், 19.6 டெசிபல் கீழே.
4. இரண்டையும் பாதியாக்கி 0.5 டெசிபல், 5 பாகை என்று கொண்டுவந்தால், 25.6 டெசிபல் கீழே.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். 1 டெசிபல் வீச்சுப் பிழையும் 6.6 பாகை கட்டப் பிழையும் ஒரே அளவு கெடுதல் செய்கின்றன. ஆக 1 டெசிபல், 10 பாகை என்று எழுதிய டேட்டா ஷீட்டில் கட்டத்துக்குத்தான் அதிகச் சலுகை. வீச்சை மட்டும் விழுந்து விழுந்து திருத்திவிட்டுக் கட்டத்தை அப்படியே விட்டால் பயன் குறைவு.

விரல்களை எண்ணிப் பார்த்தால்

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருவோம். பரவலான அமைப்பு இது: ஒரே வரிசையில் மூன்று ஐடிடிகள், இரு கோடியிலும் பிரதிபலிப்பான்கள். நடு ஐடிடிக்கு ஆன்டெனா சிக்னல். இட ஐடிடியிலிருந்து ஒரு வெளியீடு, வல ஐடிடியிலிருந்து இன்னொன்று. இரண்டும் எதிரெதிராக இருக்க வேண்டும்.

சிக்னல் விரலை ‘சி’ என்றும் கிரவுண்ட் விரலை ‘கி’ என்றும் எழுதுவோம்.

நடு ஐடிடியில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் விரல்கள் இருக்கட்டும்: கி சி கி சி கி … கி. இரு முனையிலும் கி. இது நடுவிலிருந்து பார்த்தால் இட வலம் ஒத்தது. ஆகவே இரு பக்கமும் ஒரே கட்டத்தில் அலையை அனுப்பும். நமக்கு வேண்டியதோ எதிர்க்கட்டம். சரி, ஒரு பக்கத்து ஐடிடியைத் தலைகீழாக்குவோம். இடப்பக்க ஐடிடியில் நடுவை நோக்கிய கடைசி விரல் கி. வலப்பக்கத்தில் அதே இடத்தில் சி. எல்லைகளைப் பாருங்கள்:

இட எல்லை: கி | கி
வல எல்லை: கி | சி

இட எல்லையில் இரு பக்கமும் கிரவுண்ட். மின்புலம் இல்லை, அலைக்கும் மின்சாரத்துக்கும் அங்கே பரிமாற்றம் இல்லை. வல எல்லையில் முழு மின்னழுத்தம் உண்டு, பரிமாற்றமும் உண்டு. அதாவது வல ஐடிடிக்கு ஓர் இடைவெளி உபரியாகக் கிடைத்துவிட்டது. அதன் வெளியீட்டுக்குக் கிரவுண்டோடு உள்ள மின்தேக்குத்திறனும் கூடிவிட்டது.

நடு ஐடிடியின் முனைகளைக் கி என்பதற்குப் பதில் சி ஆக்கினால்? இடப்பக்கம் சி | கி, வலப்பக்கம் சி | சி. இப்போது உள்ளீட்டுச் சிக்னல் விரலும் வெளியீட்டுச் சிக்னல் விரலும் நேருக்கு நேர். அலையை நம்பாமல் மின்தேக்கி வழியாகவே சிக்னல் குறுக்கே தாவும். இது இன்னும் மோசம்.

அப்புறம் மூன்றாவது வழி: நடு ஐடிடியில் இரட்டைப்படை விரல்கள். சி கி சி கி … சி கி. இடமுனையில் சி, வலமுனையில் கி. இந்த அமைப்பு இடமும் வலமும் எதிரெதிரானது. ஆகவே தானாகவே எதிர்க்கட்ட அலைகளை இரு பக்கமும் அனுப்பும். பக்கத்து ஐடிடிகள் இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போல ஒத்திருக்கலாம், நடுவை நோக்கி இரண்டிலும் கி. ஆனால் எல்லைகள்?

இட எல்லை: கி | சி
வல எல்லை: கி | கி

கோணல் போகவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு, இடம் மாறியிருக்கிறது. 180 பாகை என்பது அரை அலைநீளம். அரை அலைநீளம் என்பது ஒரு விரல். அந்த ஒரு விரலை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும். தரைவிரிப்பின் மேடு மாதிரி: இங்கே அமுக்கினால் அங்கே எழும்பும். ஒற்றை உள்ளீட்டை ஒரே வரிசையில் இரண்டாகப் பிரிக்கிற வரை இதிலிருந்து தப்ப வழியில்லை. வடிவமைப்பாளர் செய்யக்கூடியது, மேட்டை எங்கே வைத்தால் தொந்தரவு குறைவு என்று தேர்ந்தெடுப்பதும், எஞ்சியதைச் சரிக்கட்டுவதும்தான். மூன்றில் இரட்டைப்படை வழிதான் என் கணிப்பில் நல்ல தொடக்கம். இரு வெளியீடுகளுக்கும் முன்னால் ஒரு கிரவுண்ட் விரல் திரை போல நிற்கிறது அல்லவா.

ஒரே ஓர் இடைவெளி அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். பக்கத்து ஐடிடியில் 26 விரல்கள், 25 இடைவெளிகள் என்று வைத்தால், ஒன்று கூடுவது 4 சதவீதம். மேலோட்டமான கணக்கில் 0.34 டெசிபல். தாங்கலாம் போலத் தெரியும். ஆனால் இந்த வகை வடிகட்டி பல ஒத்ததிர்வுகளைச் சேர்த்துத் தன் பட்டையை உருவாக்குகிறது. அவற்றில் ஒன்றுக்கு அலை உச்சம் பெறும் இடமே ஐடிடிகளுக்கு இடையிலுள்ள அந்த எல்லைதான். ஆகவே அந்த ஒத்ததிர்வு ஆளும் அதிர்வெண்களில் எல்லை விரல் ஒன்றின் செல்வாக்கு 25இல் ஒன்று என்ற பங்கை விடப் பெரிது. பட்டை நடுவில் அழகாக இருக்கும் சமநிலை ஓர் ஓரத்தில் மட்டும் திடீரென்று சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரிக்கட்டும் வழிகள்

1. தொடர் எடையிடல். எல்லை விரல்களை அடுத்து, எதோடும் இணைக்கப்படாத ஒரு மிதக்கும் உலோகத் துண்டை வைப்பார்கள். அது நடுவில் மடிந்து, பாதி நீளம் ஓர் இடத்திலும் மீதி நீளம் அடுத்த இடத்திலும் படியும். சிக்னலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் வழியில் இப்போது ஒரு மின்தேக்கிக்குப் பதில் இரண்டு, தொடராக. மின்னழுத்தம் இரண்டாகப் பங்கிடப்பட்டு, முழுசாக வேலை செய்துகொண்டிருந்த அந்த எல்லை இடைவெளி பாதி வேகத்தில் வேலை செய்யும். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0 என்றிருந்த வேறுபாடு சுருங்குகிறது. விரல்களின் இருப்பிடம் மாறாததால் மற்ற குணங்கள் அதிகம் கெடாது. எல்லைக் கோணலுக்கு நேரடியான மருந்து என்றால் இதைத்தான் சொல்வேன்.

2. விரலைக் குட்டையாக்குதல். எல்லை விரல் எதிர் விரலோடு எவ்வளவு நீளம் படிகிறதோ அவ்வளவுதான் பரிமாற்றம். நீளத்தைக் குறைத்தால் அதுவும் குறையும். வெறுமையான இடத்தில் போலி விரல் ஒன்றை எதிர்ப் பஸ்பாரிலிருந்து நீட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் உள்ள இடத்தில் ஒரு வேகமும் இல்லாத இடத்தில் வேறு வேகமுமாக அலை ஓடும்.

3. அகலமும் இடைவெளியும். ஐடிடி எல்லையில் அலைக்குத் திடீர் மாற்றம் தெரிந்தால், அது மேற்பரப்பை விட்டுப் படிகத்துக்குள் சிதறி வீணாகும். இதைத் தடுக்க எல்லையருகே சில விரல்களை மற்றவற்றை விட நெருக்கமாக வைப்பது வழக்கம். முதலில் இழப்பைக் குறைக்க வந்த உத்தி இது. அதே விரல்களின் எண்ணிக்கை, நெருக்கம், அகலம் ஆகியவற்றை இடத்தில் ஒரு மாதிரியும் வலத்தில் வேறு மாதிரியும் வைத்தால், கட்டத்தை நுணுக்கமாக நகர்த்தலாம். முன்னே பார்த்த அளவை நினைவில் வையுங்கள்: ஒரு பாகை என்பது 12 நானோமீட்டர் நகர்வு. கணினியில் வரைவது சுலபம். தயாராகும் ஒவ்வொரு வடிகட்டியிலும் அதே அளவு வருகிறதா என்பதைத் தொழிற்சாலைதான் சொல்ல வேண்டும்.

4. இரண்டு தனி வடிகட்டிகள். மூன்று ஐடிடி கொண்ட வரிசைகள் இரண்டை உள்ளீட்டில் இணையாகச் சேர்த்து, ஒன்றைத் தலைகீழாக்குவது. ஒவ்வொரு வரிசையிலும் இட எல்லையும் வல எல்லையும் ஒத்திருக்கும். உள்ளீட்டில் தலா 100 ஓம் இணையாகி 50, வெளியீட்டில் தலா 100 ஓம் தொடராகி 200 என்று மின்மறுப்பு மாற்றமும் இயல்பாக வரும். ஆனால் முதல் வரிசையின் எல்லைகள் எல்லாம் கி | கி, இரண்டாம் வரிசையில் எல்லாம் கி | சி. கோணல் தீர்ந்துவிடவில்லை, வரிசைக்கு வரிசை பெயர்ந்திருக்கிறது. இருந்தாலும் ஒரு லாபம்: இரண்டும் தனித்தனி என்பதால், ஒன்றைத் தொடாமல் மற்றதைத் தனியாகத் திருத்தலாம். விலை, இரட்டிப்பு இடம்.

5. இரண்டு படிகள். முதல் படியில் இரட்டைப்படை நடு ஐடிடி எதிர்க்கட்டச் சிக்னல்கள் இரண்டை உண்டாக்கும். அவை இரண்டாம் படியின் பக்கத்து ஐடிடிகளுக்குள் போகும். இரண்டாம் படியின் நடு ஐடிடியும் இரட்டைப்படை. அதன் இரு பஸ்பார்களும் கிரவுண்டைத் தொடாமல், நேராக இரண்டு வெளியீட்டு முனைகள். இதன் எல்லைகளைப் பார்த்தால் ஒரு பக்கம் + விரல் கிரவுண்ட் விரலை நோக்கும், மறுபக்கம் − விரல் கிரவுண்ட் விரலை நோக்கும். கடைசியில் ஓர் உண்மையான சமச்சீர்! முதல் படியின் கோணலால் வரும் பொதுக்கூறு இரண்டாம் படியின் இரு பக்கமும் ஒரே கட்டத்தில் அலை எழுப்பும். எதிரெதிராக அமைந்த நடு ஐடிடி அதை வாங்காமல் விட்டுவிடும். முதல் படியில் பிழை இருக்கிறது, அது வெளியே வருவதில்லை. பதிலுக்கு இரண்டாம் படியின் இழப்பையும் சுமக்க வேண்டும். ஆன்டெனாவுக்கும் பெருக்கிக்கும் நடுவே வரும் ஒவ்வொரு டெசிபல் இழப்பும் போனின் கேட்கும் திறனிலிருந்துதான் போகிறது.

அலை வழி வராத கசிவு

மேலே சொன்னதெல்லாம் அலை வழியே வரும் சிக்னலைப் பற்றியது. சிக்னலுக்கு இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. ஒரு பொருள் மின்தேக்கத்தை எத்தனை மடங்காக்கும் என்று சொல்லும் மின்காப்பு மாறிலி (dielectric constant) லித்தியம் டான்டலேட்டுக்கு 40ஐத் தாண்டும். அதன் மேல் இரண்டு இணைப்புக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலே போதும், நாம் கேட்காத மின்தேக்கி ஒன்று உருவாகிவிடும்.

உள்ளீட்டுக் கோட்டுக்கும் ஒரு வெளியீட்டு முனைக்கும் இடையில் மட்டும் 0.05 பிக்கோஃபாரட் இருப்பதாக வைப்போம். 942.5 மெகாஹெர்ட்ஸில் அதன் மறுப்பு ஏறத்தாழ 3,400 ஓம். 150 ஓம் இரட்டை முனையில் ஒரு பக்கத்துக்கு 75 ஓம் என்றால், கசிவு உள்ளீட்டில் சுமார் 2 சதவீதம், அதாவது −33 டெசிபல் அளவில் வரும். பட்டைக்குள் முழுச் சிக்னலோடு ஒப்பிட்டால் இது ஒரு பாகை போலச் சின்னத் தொந்தரவு. பட்டைக்கு வெளியே கதை வேறு. அங்கே 50 டெசிபல் தடுக்க வேண்டும் என்று கேட்டிருப்பதாக வைப்போம். விரல்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்து தடுத்துவிட்டன. இந்தக் கசிவோ வேறுபாட்டுக்கூறில் பாதியாகி −39 டெசிபலில் வந்து நிற்கிறது. வடிகட்டியின் தடுப்பைத் தீர்மானிப்பது இப்போது அந்தக் கோடுதான்.

அதே கசிவு இரண்டு முனைகளுக்கும் சமமாகப் போயிருந்தால் பொதுக்கூறாகிக் கழிந்திருக்கும். அதனால் சில வடிவமைப்புகளில் ஒரு வினோதம் பார்க்கலாம்: கசிவைக் குறைக்க முடியாதபோது, மறுபக்கத்திலும் வேண்டுமென்றே அதே அளவு மின்தேக்கியைச் சேர்த்துவிடுவார்கள். பார்க்க வீணான உலோகப் பட்டையாகத் தெரியும். கோடுகள் ஒன்றையொன்று கடக்க வேண்டிய இடத்தில் நடுவே காப்புப் படலம் இட்டு, உள்ளீட்டுக் கோட்டை வெளியீட்டின் மேல் விடாமல் கிரவுண்டின் மேல் விடுவது இன்னொரு நல்ல பழக்கம்.

கிரவுண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. உள்ளீடும் வெளியீடும் பொதுவாகப் பயன்படுத்தும் கிரவுண்ட் பாதையில் 0.1 நானோஹென்றி மின்தூண்டல் இருந்தால், 2 கிகாஹெர்ட்ஸில் அது 1.26 ஓம். அதன் குறுக்கே எழும் மின்னழுத்தம் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் போகலாம்.

டேட்டா ஷீட்டுக்குத் திரும்பினால்

இரண்டு சமநிலை எண்களும் பட்டை முழுவதற்குமான மோசமான மதிப்பா, நடு அதிர்வெண்ணுக்கு மட்டுமான மதிப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லை ஒத்ததிர்வின் விளைவு ஓரத்தில்தான் தெரியும் என்பதால், நடு மதிப்பு மட்டும் கொடுத்திருந்தால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. அடுத்து, அளந்த விதம். பலூன் வைத்து அளந்திருந்தால் பலூனின் சொந்தப் பிசகும் எண்ணுக்குள் கலந்திருக்கும். ஒவ்வொரு முனையையும் தனித்தனியாக அளந்து, வேறுபாட்டுக்கூறையும் பொதுக்கூறையும் கணக்கில் பிரித்தெடுத்திருந்தால் நம்பலாம். வெளியீட்டு முனைகளுக்குக் குறுக்கே எந்த மின்தூண்டிச் சுருள் வைத்து அளந்தார்கள் என்பதையும் அப்படியே பின்பற்ற வேண்டும்.

கடைசியாக, வடிகட்டியிலிருந்து சிப் வரை போகும் இரண்டு தடங்கள். சர்க்யூட் போர்டில் 1,960 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 90 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு தடம் மற்றதை விட 2 மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் 8 பாகை போய்விடும்.